காயாத வெள்ளை

மழையில் காயாத துணியின் வாடை இன்று மொட்டைமாடியில் அடித்ததும், நாயுடுபுரத்தில் நான் வளர்ந்த தகரக்கூரை ஜெபவீடு நினைவுக்கு வந்துவிட்டது; அதை இடித்து இப்போது லாட்ஜ் கட்டிவிட்டார்கள். சபைக்காரர்கள் எல்லோருக்கும் வெள்ளை உடுப்புதான். கொடைக்கானல் பனியில் அது முழுசாகக் காய்ந்ததே இல்லை, அந்த ஈரத்தோடே வெள்ளனே முழங்காலிட்டு, தகரத்தில் மழை இரைய இரைய, போதகர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம். பூ, கம்மல், சினிமா எல்லாம் பாவம். என்ன படிப்பது, யாரோடு பேசுவது என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

"நமக்கு எதுக்குடி யோசனை? அய்யாவுக்குத் தெரியாததா?" என்பாள் அம்மா.

போதகர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டு நான் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அம்மா என்னோடு பேசவே இல்லை. வேலை, வாடகை வீடு என்று வருஷங்கள் ஓடிவிட்டன.

போன வாரம் துணிக்கடையில் சேலை எடுத்துக்காட்டும் பெண் கேட்டாள்: "உங்களுக்கு என்ன கலர்க்கா பிடிக்கும்?"

நாற்பது வயதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அசதியாக இருந்தது.

"தெரியலம்மா. எல்லாத்தையும் காட்டுறியா?"

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. மெதுவாப் பாப்போம்."