அஞ்சு கட்டைப் பாட்டு

எனக்குப் பதினாலு வயதானபோது நாங்கள் மூன்று பேரும் பிரபலமாகிவிட்டோம். அக்காவுக்குப் பதினேழு, தம்பிக்குப் பன்னிரண்டு. கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடிய ஒரு பாட்டு வானொலியில் தினமும் போனது. பிறகு தொலைக்காட்சி, கசட். பேராதனை பஸ்ஸில் கண்டக்டர் எங்களுக்கு மட்டும் சீட் பிடித்து வைப்பார். இறங்குவதற்குள் பாட்டை ஒரு தரம் பாடிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பாட்டின் கடைசி வரி வானத்தில் முட்டும். சுருதி அஞ்சு கட்டை. அந்த வரி என்னுடையது.

இரண்டே வருடத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் எங்களை மறந்தார்கள். கல்யாண வீடுகள் மறக்கவில்லை. அக்கா டீச்சரானாள். தம்பி கண்டியில் போன் திருத்தும் கடை போட்டான். நான் வாகன உதிரிப்பாகக் கடையில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மறுபடி பிரபலமானோம். தம்பி கீபோர்ட் வாசிப்பான், அக்கா பாடுவாள், கடைசி வரியை நான் பிடிப்பேன். இந்த நாற்பத்தாறு வயதிலும் குரல் அப்படியே இருக்கிறதே என்று யாராவது வியந்தால், காலையில் கொத்தமல்லித் தண்ணீர், தயிர் தொடுவதில்லை என்று பெரிய வித்துவானைப் போல விளக்கம் வேறு கொடுப்பேன்.

போன வருடம் வத்தேகமவில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா அந்த ஒரு பாட்டுக்காகவே எங்களைக் கூப்பிட்டிருந்தார். அந்த வாரம் பார்த்துத் தம்பி ஏணியிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டான். அவனுக்குப் பதிலாகப் பேராதனையிலிருந்து ஒருவர் வாசிக்க வந்தார். கசட்டைக் கேட்டுப் பாடம் பண்ணியிருந்தார்.

"எத்தனை கட்டைங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"அஞ்சு. எப்பவும் அஞ்சுதான்."

கட்டுப் போட்ட கையோடு கூட வந்திருந்த தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா மண்டபத்துச் சோடனையைப் பார்த்தாள்.

"ரெண்டுல வைக்கச் சொல்லுண்ணே," என்றான் தம்பி.

"என்னடா ரெண்டு?"

"நம்ம ரெண்டுலதான் வாசிக்கிறோம். கீபோர்ட்ல அதுக்கு ஒரு பட்டன் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா எறக்கிட்டே வந்தேன்."

"எப்ப இருந்து?"

"ஒனக்கு மீசை மொளச்சதுல இருந்து."

"கோவிச்சுக்காதடா," என்றாள் அக்கா. "அந்த வரின்னா ஒனக்கு உசுரு. சொல்ல மனசு வரல."

அத்தனை வருடத்துக் கொத்தமல்லித் தண்ணீரும் அந்த நிமிடமே வியர்வையாக வெளியே வந்தது. ஆனால் வீம்பு விடுமா? அஞ்சே இருக்கட்டும் என்றேன். சொன்ன கையோடு இரண்டு தரம் கழிவறைக்குப் போனேன். பின்கதவால் பஸ் ஏறிவிடலாமா என்றும் பார்த்தேன். மினுமினுக்கும் நீலச் சட்டையோடு எங்கே ஒளிவது?

பாட்டு தொடங்கியது. கடைசி வரியில் வாயைத் திறந்தேன். எங்கள் கடைக்கு வருகிறவர்கள் தேய்ந்த ஃபேன் பெல்ட் எப்படிக் கத்துகிறது என்று வாயாலேயே செய்து காட்டுவார்கள். அதே சத்தம். பாதியில் அக்கா வரியை வாங்கிக்கொண்டாள். பெண்ணின் அப்பா முன்வரிசையில் குனிந்து செருப்பைப் பார்த்தார்.

மைக்கைப் பிடித்தேன். "மன்னிக்கணும். பாட்டு அஞ்சு கட்டை, ஆள் ரெண்டு கட்டை. திரும்ப ஆரம்பிக்கிறோம்."

மண்டபம் சிரித்தது. பேராதனைக்காரர் ரெண்டுக்கு இறக்கினார்.

கடைசி வரிக்கு நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று பயத்தில் மூட வரவில்லை. பெண்ணின் அப்பா எழுந்து நின்று என்னோடு பாடிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் வழுக்கையும் தொப்பையுமாக என் வயதுக்காரர்கள் இரண்டு வரிசை. எல்லாருக்கும் எட்டுகிற உயரத்தில் இருந்தது பாட்டு.

இறங்கியதும் அக்காவிடம், "பாத்தியா, இன்னைக்குச் சனம் கூடவே பாடிச்சு," என்றேன்.

"எப்பவும் பாடுவாங்கடா. நீதான் பாத்ததில்ல."

திரும்பும்போது வேனில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். தம்பி நல்ல கையால் என் வாயைப் பொத்தி, "தொண்டைய மிச்சம் வையிண்ணே," என்றான். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் கல்யாணம் இருக்கு."