டெல்லியில் பாத்திமா கேட்டது

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் இருந்தேன். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அலுவலக உதவியாளர் ஆறுமுகம் நேரில் வந்து வாசலில் நின்றார். “மேடம், நம்ம பாத்திமா மேடம் தவறிட்டாவளாம். நெஞ்சுவலின்னு ஆட்டோல ஏத்திருக்காவ. ஆஸ்பத்திரி வாறதுக்குள்ள முடிஞ்சிட்டாம்” என்றார்.

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். அழுகைக்கு நடுவில் இன்னொரு நினைப்பும் வந்தது. ஒரே தொகுப்புக்கு இருவரும் கட்டுரை தர வேண்டியிருந்தது. அவள் முடித்து அனுப்பிவிட்டாள். என்னுடையது பாதியில் கிடக்கிறது. இதிலும் முந்திவிட்டாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரியின் அரசியல் அறிவியல் துறையை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மைதீன் பாத்திமா மீது எனக்குப் பொறாமை என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒரே பாடத்தைப் படித்தவர்கள் நாங்கள். விண்வெளியில் நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள், அவற்றின் பாதுகாப்புக் கணக்குகள், நட்பு நாடுகளுக்குள் யார் யாரை எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம்தான் அந்தப் பாடம். “ஏட்டி எஸ்தர், ஒன் பொறாமையால எனக்கு லாபந்தான். நீ விழுந்து விழுந்து படிச்சிட்டு வாறே. அதுக்குப் பயந்து நானும் படிக்கேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஒருநாள் இரண்டு வகுப்புகளையும் சேர்த்து உட்கார வைத்திருந்தோம். ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, மலையடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற சத்தம் பழகிப்போன ஒன்று. அவர்களில் ஒரு பெண் எழுந்து, “எஞ்சினு நாமளே செய்யுதோம்லா மேடம், பெறகு எதுக்கு அடுத்த நாட்டுக்காரன் தயவு?” என்று கேட்டாள். நான் கூட்டணிக் கோட்பாடுகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். பிள்ளைகளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திமா எழுந்தாள். “எஞ்சினு மேல கொண்டு போய் விட்டுரும். மேல போனபெறவு அங்கன சுத்துத குப்பைல இடிக்காம பாக்கணும்லா? பூமி உருண்டை. நம்ம ஊர்ல நின்னு பாத்தா பாதி வானந்தான் தெரியும். மறுபாதிய அந்தப் பக்கத்துல இருக்கவன்தான் பாத்துச் சொல்லணும்” என்றாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தாள். நான் அரைமணி நேரம் சொன்னதும் அதுதான்.

வீட்டிலும் எனக்கு நிம்மதி இல்லை. நாளிதழில் அவள் கட்டுரை வருகிற காலைகளில் என் கணவர் இட்லித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு உரக்கப் படிப்பார். “ஒன் சேக்காளி என்னமா எழுதிருக்கா பாரு!” என்பார். என் கட்டுரை வருகிற காலையில் அவருக்கு அவசர வேலை இருக்கும்.

டெல்லிக் கூட்டத்துக்கு எங்கள் இருவரையுமே அழைத்திருந்தார்கள். சில நட்பு நாடுகள் சேர்ந்து, வானத்தைக் கண்காணிக்கும் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளத் திட்டமிட்டிருந்தன. அதில் நம் நாடு சேர்வதா, எந்த நிபந்தனையில் சேர்வது என்று கருத்துக் கேட்கும் கூட்டம் அது. வரைவில் ஒரு வரி இருந்தது: தகவல் தரும் நாடு, தன் பாதுகாப்பு கருதி, எப்போது வேண்டுமானாலும் முன்னறிவிப்பின்றித் தகவலை நிறுத்தலாம். நண்பர்களுக்குள் இதைப் பெரிதுபடுத்தக் கூடாது என்பது என் கட்சி. எல்லாவற்றையும் நாமே செய்வது வீண் பெருமை, நம்பிக்கையும் ஒரு பலம்தான் என்று எழுதியிருந்தேன். இன்றும் அதை நம்புகிறேன்.

என் முறை முடிந்ததும் எல்லாரும் மரியாதையாகக் கை தட்டினார்கள். பிறகு பாத்திமா பேசினாள். தகவல் தரும் நாட்டிலிருந்து வந்திருந்த அதிகாரி பண்பான மனிதர். அவரைப் பார்த்து, “உங்கள் நட்பை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு சம்பவம் சொல்லட்டுமா?” என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

அவள் வாப்பா வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் காரோட்டியாக இருந்தவர். அரபி தங்கமானவர். பெருநாளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுப்பார், தன் பிள்ளைகளோடு உட்கார வைத்துச் சாப்பாடு போடுவார். எல்லா முதலாளிகளையும் போல பாஸ்போர்ட்டை மட்டும் அவர் தன் பெட்டியில் வைத்திருந்தார். மேலப்பாளையத்தில் வாப்பாவின் தாயார் இறந்தபோது அரபி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். பெட்டியைத் திறக்க ஆளில்லை. திரும்பி வந்ததும் செய்தி கேட்டு அரபி அழுதாராம். அன்றைக்கே டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார். வாப்பா ஊர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து வெகு நாளாகியிருந்தது.

“அந்த முதலாளியிடம் என் தகப்பனாருக்கு இன்றுவரை அன்பு குறையவில்லை. ஆனால் பாஸ்போர்ட் அவர் பெட்டியில் இருந்தது. உங்கள் நண்பர்கள் இரண்டு பேர் சண்டை போட்டால், முதலில் யாருக்குத் தகவலை நிறுத்துவீர்கள்?” என்று கேட்டாள்.

அதிகாரி வரைவை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். “அதை அப்போதுதான் முடிவு செய்வோம்” என்றார் நேர்மையாக. “அப்படியானால் அதையே எழுதித் தாருங்கள். எங்கள் மக்களுக்குக் காட்ட வேண்டும்” என்றாள்.

அந்தச் சம்பவம் எனக்குப் புதிதல்ல. ஒரு ரமலான் மாலையில் அவள் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது வாப்பாவே சொன்னது. ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு நான் கஞ்சியைக் குடித்தேன். அதே கஞ்சியைக் குடித்த அவள் அதை ஒரு வாதமாக வளர்த்திருக்கிறாள். எங்கள் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஒருநாளும் யாரிடமும் பாஸ்போர்ட்டைக் கொடுத்ததில்லை. அப்படி ஒரு அனுபவம் என் வீட்டில் இல்லையே என்று டெல்லியில் அன்று மதியச் சாப்பாட்டின்போது தட்டோடு தனியாக நின்று பொறாமைப்பட்டேன். பிறர் துக்கத்தின் மேல் பொறாமை வருமா என்று கேட்காதீர்கள். வரும்.

மாலையில் வரைவைத் திருத்த உட்கார்ந்தார்கள். முன்னறிவிப்பு வேண்டும் என்பதைச் சேர்த்தார்கள். அப்போது பாத்திமா, “வானத்தில் ஒன்றோடொன்று இடிக்கப் போகிறது என்கிற மோதல் எச்சரிக்கையை மட்டும் எந்தச் சண்டையிலும் நிறுத்தக் கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எஸ்தரின் கட்டுரையில், அடிக்குறிப்பில் இருக்கிறது” என்றாள். என் அடிக்குறிப்பை அவள் ஒருத்திதான் படித்திருந்தாள். அதையும் சேர்த்தார்கள். எல்லாரும் பாத்திமாவைப் பார்த்து, என்ன பெருந்தன்மை என்று வியந்தார்கள். வரி என்னுடையது, புகழ் அவளுக்கு.

திரும்பும் ரயிலில் நான் ஒரு புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நாங்குநேரி தாண்டிப் போகிற ஊர்க்காரர்கள் எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். “கோவமாட்டி?” என்று கேட்டாள். “நீ கூட்டே வேண்டாம்னு அவங்கள நெனைக்க வச்சுட்டே” என்றேன். “கூட்டு வேண்டாம்னு எங்கட்டி சொன்னேன்? கூட்டா ஒரு வீட்ல இருந்தா ஆளுக்கொரு சாவி வேணும்னுல்லா சொல்லுதேன்” என்றாள். மதுரை வரை சண்டை போட்டோம். மதுரையில் வடை வாங்கித் தந்தாள்.

அடக்கத்தன்று மேலப்பாளையம் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் மய்யித்தை எடுத்துப் போய் அடக்கிவிட்டுத் திரும்பியபின் வாப்பா என்னைத் தேடி வந்தார்.

“எங் கதைய டெல்லில சொன்னாளாமே. நீங்க கூட இருந்தியளாம்மா?”

“இருந்தேன் வாப்பா.”

“அரபிய மோசமானவர்னு சொல்லிட்டாளோ?”

“இல்ல வாப்பா. தங்கமான மனுசர்னுதான் சொன்னா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அல்ஹம்துலில்லாஹ். அது போதும்” என்றார். அந்த வீட்டில் எனக்கு அழுகை அடங்காமல் போனது அப்போதுதான்.

சென்ற வாரம் டெல்லியிலிருந்து பேசினார்கள். இரண்டாம் சுற்றுப் பேச்சு தொடங்குகிறதாம். நட்பு நாடு ஒன்று நம் மண்ணில் கண்காணிப்பு ரேடார் அமைத்துத் தர முன்வந்திருக்கிறதாம். “பேச்சுவார்த்தைக் குழுவில் பாத்திமா மேடத்துக்குப் பதிலாக நீங்கள் வர வேண்டும்” என்றார்கள். ஒத்துக்கொண்டேன். பல வருடமாக நான் ஆசைப்பட்ட அழைப்பு. அவளை வாதத்தில் ஜெயித்து அதை அடைய வேண்டும் என்று இருந்தேன்.

அந்த ரேடார் வேண்டும் என்றே பேசப் போகிறேன். அவள் இருந்தால் எதிர்த்திருப்பாள். எதிரே இருப்பவரின் நல்ல மனத்தை மதித்துக்கொண்டே, அவர் கையில் இருப்பது என்ன என்று கேட்கிற அவள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன். எவ்வளவு பழகினாலும் அது என்னுடையது ஆகாது. நான் நன்றாகப் பேசினால் பாத்திமா மாதிரியே பேசினார் என்பார்கள். தடுமாறினால் பாத்திமா இல்லையே என்பார்கள்.

பொறாமை தீரவில்லை, பாத்திமா. தீர வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.