பயறு பொங்கிய வீடு

சண்முகப்ரியா ஆன்ட்டியின் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஜன்னலுக்கு உள்ளே, விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஈரத் துணி, அதன்மேல் ஏதாவது ஒரு விதை. வெந்தயம், கொள்ளு, எள், பச்சைப்பயறு, பாதாம். கடையில் எதை வாங்கினாலும் முதலில் அதில் நாலைந்தை எடுத்து இந்தக் கிண்ணங்களில் போட்டுவிடுவார். முளைத்தால் அது அவருக்குச் சாப்பாடு. முளைக்காவிட்டால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

"ஹம்சாக்கா, இந்த பாதாம் உங்களுக்குத்தான்" என்று அம்மாவிடம் பையை நீட்டுவார். "பாக்கெட்ல பச்சை பாதாம், 'ரா'ன்னு பெருசா போட்டிருக்கான். ஆனா எங்கயோ ஆவி காட்டியிருக்காங்க. உசுரு இல்ல."

"உன் புண்ணியத்துல எங்க வீட்ல பாதாமுக்குப் பஞ்சமே இல்லடி" என்று அம்மா வாங்கிக்கொள்வாள்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில், ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்களுக்கு எதிர்வீடு அவர்கள். ஆன்ட்டிக்கு நாற்பது வயது இருக்கும், தாராபுரத்துக்காரர். மருந்துக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். கணவர் சேனாபதி அங்கிளுக்கு ஐ.டி. வேலை. மகன் ஷ்ரேயஸ் மூன்றாம் வகுப்பு. ஆன்ட்டி நெருப்பு பட்ட எதையும் சாப்பிடமாட்டார். பால், தயிர், நெய்யும் கிடையாது. போன ஜூனில் நான் பள்ளியை முடித்துவிட்டு, காலேஜா வேலையா என்று முடிவு செய்யாமல் வீட்டில் இருந்ததால், அவர் சாப்பாட்டைத் தேடுவதையும் செய்வதையும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

எப்படித் தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன். பெரிய காரணம் ஏதோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

"அடுப்பு ரிப்பேர் ஆச்சு. மெக்கானிக் வர ஒரு வாரம் ஆயிருச்சு. அந்த ஒரு வாரமும் கேரட், வெள்ளரிக்கா, தேங்காய், பழம்னு ஓட்டினேன். அடுப்பு சரியானப்ப எனக்கு அது வேண்டியிருக்கல. அவ்வளவுதான்."

ஆனால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அவல் சாப்பிடலாம் என்று நினைத்திருக்கிறார். பிறகுதான், நெல்லைச் சூடாக்கித்தான் அவலே இடிக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறார். அவல் போயிற்று. வெல்லமும் காய்ச்சியதுதான். அதுவும் போயிற்று. இனிப்புக்குப் பேரீச்சம்பழம், புளிப்புக்கு எலுமிச்சை, உறைப்புக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும் என்று ஒவ்வொன்றாக வேறு வழி கண்டுபிடித்தார். இந்தியக் கடைக்குப் போனால் தேங்காய்க் குவியல் முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். பின்னால் வண்டி தள்ளிக்கொண்டு நிற்பவர்கள் வழி கேட்பதை விட்டுவிட்டு, தாங்களும் ஒரு காயை எடுத்து ஆட்டத் தொடங்குவார்கள்.

எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது வேறொன்று. கணவருக்கும் பையனுக்கும் தினமும் அவர்தான் சமைக்கிறார். சாம்பார், ரசம், கறி எல்லாம். ஒரு சொட்டுகூட நாக்கில் வைத்துப் பார்ப்பதில்லை. கொதிக்கும்போது குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உப்பு பத்தல" என்று இன்னும் கொஞ்சம் போடுவார். அங்கிள் சாப்பிட்டுவிட்டு ஒருநாளும் குறை சொல்லிக் கேட்டதில்லை.

தை மாதத்தில் அவர்கள் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார்கள். காரில் பத்து நிமிடத் தூரம். அப்போதுதான் பிரச்சினை வந்தது. நம் பக்கத்தில் புது வீட்டுக்குக் குடிபோவது என்றால் பால் காய்ச்சுவதுதான். பால் பொங்கி வழிய வேண்டும். ஆன்ட்டி பால் தொடமாட்டார், காய்ச்சியதும் தொடமாட்டார்.

அன்றைக்கு அம்மாவும் நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தோம்.

"பால் காய்ச்சாம எப்படி பிரியா குடிபோறது? ஊர்ல எல்லாரும் வீடியோ கால்ல பார்ப்பாங்க" என்றார் அங்கிள்.

"காய்ச்சுங்க மாமா. வேண்டாங்கல. பொங்கினதும் முதல் டம்ளர் யாருக்குக் குடுப்பீங்க?"

"வீட்டுக்காரிக்குத்தான்."

"அதை வெச்சுட்டு நான் என்ன பண்றது? ஒவ்வொரு கல்யாணத்துலயும் ஒவ்வொரு பர்த்டே பார்ட்டியிலயும் எல்லாரும் சாப்பிடறப்ப நான் சும்மா நிக்கறேன். அது பரவால்ல, அது அவங்க வீடு. என் வீட்ல முதல் வாய் என்னால குடிக்க முடியாதுன்னா அது எப்படி என் வீடு?"

ஷ்ரேயஸ் ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமல், "ஜஸ்ட் யூஸ் ஓட் மில்க்" என்றான்.

"அதையும் காய்ச்சணுமே தங்கம்" என்றாள் அம்மா.

ஆன்ட்டி கோயில் குருக்களுக்கு போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். பாலுக்குப் பதில் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"நிறைஞ்சு வழியணும்மா. அதுதான் தாத்பரியம். எது வழியணும்கறதை உங்க ஆத்துக்காரரோட பேசிக்கோங்கோ. ஞாயித்துக்கிழமை ஒன்பதுலேர்ந்து பத்து நல்ல நேரம். எனக்கு இன்னொரு கால் வர்றது."

போனை வைத்துவிட்டு ஆன்ட்டி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிண்ணம் ஒன்றில் பச்சைப்பயறு முளைவிட்டு விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இது வழியுதுல்ல? பாலுக்குப் பதில் ஒரு பானை நிறைய இதையே வெச்சா?" என்றார்.

அங்கிள் நிறைய யோசித்தார். கடைசியில், "பத்து மணிக்குள்ள வழிஞ்சா உன் பானை. வழியலைன்னா நான் அடுப்பைப் பத்த வெச்சிருவேன். பாலும் பக்கத்துலயே ரெடியா இருக்கும்" என்றார்.

வியாழன் இரவு பயறு ஊறியது. வெள்ளிக்கிழமை காலையில் அதைப் புதுப் பானையில் போட்டு, வாயை ஈரத் துணியால் ஆன்ட்டி இறுக்கிக் கட்டினார். கழுத்தில் மஞ்சள் கட்டிய மண்பானை. வேளை தவறாமல் துணியோடு தண்ணீர் ஊற்றிச் சாய்த்து வடிக்க வேண்டும். சனிக்கிழமை பானை முக்கால் நிறைந்திருந்தது. அன்றைக்குப் பார்த்துப் புது வீட்டில் ஹீட்டர் ஓடவில்லை. மெக்கானிக் வருவதால் இருவரும் அங்கே போக வேண்டியிருந்தது. "மத்தியானம் ஒரு தடவை மட்டும் தண்ணி காட்டிருங்க அக்கா" என்று சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் பானையருகே குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"அக்கா, என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"குழாய்த் தண்ணிதான். ஐஸ் மாதிரி இருந்தது. சின்ன முளை, பாவம், இந்தக் குளிர்ல எப்படிடி தாங்கும்? லேசா சுட வெச்சு ஊத்தினேன்."

"லேசான்னா?"

"குளிக்கற சூட்டைவிடக் கொஞ்சம் கூட."

அங்கிள் பிரிட்ஜைத் திறந்து, பால் கேன் இருக்கிறதா என்று பார்த்து மூடினார்.

ஆன்ட்டி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பெரிய தாம்பாளத்தை எடுத்து, பானையைக் கவிழ்த்துப் பரப்பினார். மேலே இருந்தவை தொட்டால் நசுங்கின. வெந்த வாசனை வந்தது. கீழே இருந்தவை விறைப்பாக, வெள்ளை வால்களோடு இருந்தன. அவற்றை மட்டும் கையால் பிரித்து மறுபடி பானைக்குள் போட்டார். பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது.

"மேல இருந்ததுதான் போச்சு. அடியில இருந்ததுக்கு நடந்ததே தெரியல" என்றார்.

"இனி நிறையுமா ஆன்ட்டி?"

"தெரியலயே கண்ணு. ஒரு ராத்திரிதான் இருக்கு."

தன் கம்பளிச் சால்வையால் பானையைச் சுற்றி, ஹீட்டர் காற்று வரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தார். செத்த பயறை அம்மா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துச் சுண்டல் செய்துவிட்டாள். "வெந்துதானே போச்சு, வீணாக்கணுமா?" என்றாள். ஆனால் அவள் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை குளிர் மூக்கை அறுத்தது. ஆன்ட்டி பட்டுப் புடவைக்கு மேல் கோட்டுப் போட்டு, கையுறை இல்லாமல் பானையைக் கட்டிப் பிடித்தபடி காரிலிருந்து இறங்கினார். வாசல்படியில் அவர் வலது காலை எடுத்து வைத்தபோது, அவருடைய மூச்சும் பானைத் துணியிலிருந்து எழுந்த ஆவியும் சேர்ந்தே வெளியே வந்தன. அந்தப் பானை உள்ளுக்குள் சூடாக இருந்தது. முளைக்கும் விதைகள் தாமாகவே சூடு உண்டாக்கும் என்று பிறகு சொன்னார். எனக்கு அது அதுவரை தெரியாது.

அடுப்பின் ஒரு பக்கம் பானை, மறுபக்கம் பால் பாத்திரம். பதினைந்து பேர் சமையலறையில் நெருக்கி நின்றோம். ஜன்னலில் சாய்த்து வைத்த போனில் தாராபுரத்து முகங்கள். ஒன்பது மணிக்குத் துணி சமமாக இருந்தது. ஒன்பதரைக்கும் அப்படியே இருந்தது. ஆன்ட்டி வேறு எங்கும் பார்க்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, பால் இன்னும் பொங்கலயா?" என்று போனிலிருந்து ஒரு குரல் கேட்டது.

அங்கிள் அடுப்புத் திருகில் கை வைத்தார். "பிரியா, பத்தாகப்போகுது."

"பத்த வைங்க மாமா. பேசினது பேசினதுதான். அதுக்கு முன்னாடி அந்தத் துணியை ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

அங்கிள் இன்னொரு கையால் துணியைத் தொட்டார். அழுத்தினார். அது உள்ளே போகவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு" என்றார்.

திருகிலிருந்த கையை எடுத்தார். இரண்டு கைகளாலும் அவரே முடிச்சை அவிழ்த்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுவில் மெல்ல ஒரு மேடு எழுந்தது. இரவு முழுக்கத் துணிக்கு அடியில் நெருக்கிக் கிடந்தவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே வந்தன. மிக லேசாக ஒரு சரசரப்புக் கேட்டது. அத்தனை பேர் நின்ற இடத்தில் அந்தச் சத்தம் கேட்டதென்றால் நாங்கள் எவ்வளவு அமைதியாக இருந்திருக்க வேண்டும். மேடு விளிம்பைத் தாண்டியது. வெள்ளை முளைகள் கொத்துக் கொத்தாகச் சரிந்து, மஞ்சள் கட்டிய கழுத்தில் வழிந்து, அடுப்பின் மேல் விழுந்தன. பாதி போன பிறகும், ஒரே ராத்திரியில், யாரும் தீ வைக்காமல்.

"இட்ஸ் அலைவ்" என்றான் ஷ்ரேயஸ், மெதுவாக. பிறகு, எங்கள் முன்னால் அவன் பேசிக் கேட்டிராத தமிழில், "அம்மா, பொங்குது" என்றான்.

"பொங்கிருச்சா?" என்றது போன்.

"பொங்கிருச்சுங்க" என்றார் அங்கிள். என்ன பொங்கியது என்று அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அடுப்பில் விழுந்த முளைகளை அவர் விரலால் கூட்டி எடுத்து, துருவிய தேங்காயும் பேரீச்சம்பழமும் கலந்து, முதல் வாயை ஆன்ட்டியின் கையில் வைத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஆன்ட்டி அதை நிதானமாக மென்று சாப்பிட்டார். பிறகுதான் எங்களுக்குக் கொடுத்தார்.

"நான் வெந்நீர் ஊத்திக் குளிப்பாட்டினேன்ல, அதான் இந்த வளர்த்தி" என்றாள் அம்மா. ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அங்கிள் பால் பாத்திரத்தைப் பார்த்தார், ஆன்ட்டியைப் பார்த்தார்.

"இப்ப காபிக்கு அடுப்பைப் பத்த வெச்சுக்கலாமா?"

"தள்ளுங்க மாமா, நானே போடறேன்."

பதினைந்து பேருக்கும் அவரே காபி கலந்தார். குனிந்து முகர்ந்தார், இன்னும் அரைக் கரண்டி சர்க்கரை போட்டார், நீட்டினார். சரியாக இருந்தது.