பின் சக்கரத்து மஞ்சள்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. திருப்பதியில் எங்கள் வீடு. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன், நடந்துவிட்டு வந்தேன், தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், காபியோடு பேப்பர் பார்த்தேன். அன்று மட்டும் ஆபீஸுக்கு அரை நாள் லீவு. ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் என் காருக்குப் புதுச் சக்கரங்கள் மாட்டியிருந்தார்கள். போய் எடுத்து வர வேண்டும்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டே கதவு வைத்த, பின்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாம் தேவையா என்று உறவில் கேட்காதவர்கள் இல்லை. புத்தூர் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒரு சக்கரம் வளைந்துபோனது. அதே அளவில் உடனே கிடைக்கவில்லை. நாலையும் கொஞ்சம் அகலமாக மாற்றிவிடலாம், பார்க்கவும் அழகாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

அகலச் சக்கரம் என்றால் ஆஃப்செட் பார்க்க வேண்டும். சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும், அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள இடைவெளிதான் ஆஃப்செட். அது கூடினால் சக்கரம் உள்ளே போய் ஷாக் அப்சார்பரை இடிக்கும். குறைந்தால் வெளியே வந்து மட்கார்டை உரசும். நான் கிராஃப் தாளில் படம் வரைந்து, உள்பக்கம் எங்கும் இடிக்காதபடி ஆஃப்செட் குறைந்த சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெளிப்பக்கத்துக்கு ஒர்க்‌ஷாப் முதலாளி டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். "வேலு போகுது சார், பர்வாலேது" என்றார், விரல் போகிறது, பரவாயில்லை என்பதைத் தெலுங்கு கலந்து. நானும் என் விரலை விட்டுப் பார்த்தேன். போனது.

மறுநாள் சனிக்கிழமை அதே காரில் திருமலைக்குப் போவதாக இருந்தோம். சித்தூரிலிருந்து வந்திருந்த மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, மொட்டை வேண்டுதல். ஆள் நல்ல கனம்.

மதியம் காரை வாசலில் நிறுத்தியதும் மனைவி பூஜை போட்டாள். நாலு டயரின் பக்கவாட்டிலும் மஞ்சளைக் குழைத்து வட்டமாகப் பூசி, மேலே குங்குமப் பொட்டு வைத்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. சந்திரகிரி வரை ஒரு வெள்ளோட்டம். மனைவி முன்னால், மகளும் மச்சானும் பின்னால்.

ஒரு வேகத்தடையில் மகள் சொன்னாள், "நைனா, பின்னால இன்னாவோ சர்ருன்னு சத்தம் வருது."

"இந்தக் கார் அப்படித்தாம்மா. போகப் போகப் பழகிடும்" என்றேன்.

"சத்தம் காருதா, மாமாவுதா?" என்றாள். மச்சான் அவள் தலையில் தட்டினான். சிரித்துக்கொண்டே சந்திரகிரிக் கோட்டை வரை போய்த் திரும்பினோம்.

வீட்டு வாசலில் இறங்கிய மனைவி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின்பக்கம் நின்றாள்.

"யாரு மஞ்சள தொடச்சது?"

நாங்கள் யாரும் தொடவில்லை.

"முன் டயருல பூசினது பூசினபடி கீது. பின்னால ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல. மச்சானும் மாமனும் நான் பாக்காதப்ப எங்கனா சாஞ்சிக்கினு நின்னீங்களா?"

"அக்கா, நான் கார விட்டு எறங்கவே இல்ல. எறங்கவும் முடியல" என்றான் மச்சான்.

குனிந்து மட்கார்டின் உள்விளிம்பைத் தடவினேன். விரலில் மஞ்சள் ஒட்டியது. டயரில் இருந்த மஞ்சள் முழுக்க அங்கே போயிருந்தது. மஞ்சள் அழிந்த இடத்தில், டயரைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு வெட்டு.

போன் செய்ததும் ஒர்க்‌ஷாப் முதலாளி பைக்கில் வந்துவிட்டார். எங்களை மறுபடி காரில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தோம். வெளியிலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: "இப்போ வேலு இல்ல சார், பேப்பர் கூட போகாது."

காலி வண்டியில் அளந்திருக்கிறோம். ஆள் ஏறி வண்டி அமுங்கும்போது சக்கரம் எங்கே போகும் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவர் டார்ச் அடித்து வெட்டைப் பிரித்துக் காட்டினார். ரப்பருக்குள் நூல் தெரிந்தது.

"வத்து சார், வேணாம். இந்த டயர்ல மலை ஏறினா எந்த வளைவுல வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. எறங்கும்போது வெடிச்சா..." மகள் காரிலிருந்து இறங்கி அம்மாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நான் போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன். பயத்தினால் அல்ல. மனைவி அந்த ஒரு சுற்றுச் சுற்றாமல் வீட்டுக்குள் போயிருந்தால், என்று நினைத்த பிறகு வந்த நிம்மதியினால். சாமிதான் காட்டிக்கொடுத்தது என்றாள் அவள்.

சரியான ஆஃப்செட் உள்ள சக்கரங்கள் பிறகு சென்னையிலிருந்து வந்தன. அவற்றை மாட்டிய அன்று முதலாளியே மஞ்சள் கேட்டு வாங்கிப் பூசினார். மச்சானைச் சித்தூரிலிருந்து வரவழைத்துப் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போனோம். மஞ்சள் அழியவில்லை. "எனக்கு இதுதான் வேலையா மாமா?" என்றான் அவன், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே.

வெள்ளோட்டத்துக்கு மறுநாள், அந்தச் சனிக்கிழமை, நாங்கள் மலைக்குப் பஸ்ஸில்தான் போனோம். ஆனால் அன்று விடிந்ததும் நான் முதலில் செய்தது, ஒரு ஈரத்துணியோடு வாசலுக்குப் போய், மட்கார்டு விளிம்பில் ஒட்டிய மஞ்சளைத் துடைக்கக் குனிந்ததுதான். துடைக்க மனம் வரவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரையும் எழுப்பப் போனேன். இன்றும் காரில் ஏறும் முன் அந்த மஞ்சள் கறையைக் குனிந்து பார்க்கிறேன். காரை மட்டும் அளந்துவிட்டு, அதில் ஏறப்போகிறவர்களை அளக்க மறந்தது நினைவுக்கு வரும்.