ஓங்கரிக்காத தொண்டைகள்

வீட்டில் அவளை "டாக்டர்" என்றார்கள். கல்லூரியில் "கையேடு" என்றார்கள். இரண்டுமே கேலிதான், ஆனால் இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பேச்சு சிகிச்சைப் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்த அவளைத் தூக்கத்தில் தட்டி எழுப்பி "பத்தாவது நரம்பு?" என்று கேட்டால் போதும். அது மூளையில் எங்கே கிளம்பி, எந்த வழியாகத் தொண்டைக்கு வந்து சேர்கிறது என்று பஸ் நடத்துநர் மாதிரி ஒப்பித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவாள்.

அது என்ன படிப்பு என்று வீட்டில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. லாரி ஓட்டும் அப்பா, மகள் மேடைப் பேச்சு சொல்லித் தரப்போகிறாள் என்று கூட்டாளிகளிடம் பரப்பியிருந்தார்.

"சொந்தக்காரங்க வந்தா ரூமுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறவ. இவ ஊருக்கே பேசக் கத்துத் தரப்போறாளாம்" என்று அம்மா சிரிப்பாள்.

பேச்சு மட்டுமில்லை, விழுங்குவதும் எங்கள் பாடம்தான் என்று ஒருநாள் அவள் விளக்கியபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுங்கறதுக்கு ஒரு படிப்பா? அதுல நான் எப்பவோ பாஸ் பண்ணிட்டேனே!"

குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவளுக்கு "தெரியாது" என்று சொல்ல உரிமை கிடையாது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் "மறந்துபோச்சு மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவளுக்கு அந்த வாக்கியம் வாயில் நுழையாது. இது தன்மானமா, பயமா என்று யோசித்திருக்கிறாள். விடை எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாததால் விட்டுவிட்டாள்.

பக்கவாத வார்டில் அவளுக்குத் தனியாகக் கிடைத்த முதல் நோயாளி ஏலக்காரர். காய்கறி மொத்தச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் விட்டவர். இப்போது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு குழறியது. மூக்கு வழியாக உணவு போக ஒரு குழாய். தலைமாட்டில் "வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது" என்று ஓர் அட்டை. நாலு நாளாக அவர் கேட்டதெல்லாம் டீ.

"ஒரு டம்ளர்" என்றார் அவளைப் பார்த்ததும். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். "அரை டம்ளர். சரி, கால்."

"வாழ்நாள்லயே முதல் தடவையா இவரு கீழ எறங்கிக் கேக்கறாரு" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

டீயில் குற்றமில்லை. விழுங்கும் அந்த ஒரு நொடி மூச்சு நிற்க வேண்டும், குரல்வளை மேலே ஏறி மூச்சுக்குழாயை மூட வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்கு அந்தக் கதவு தாமதமாக மூடினால், குடித்தது நுரையீரலுக்குப் போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. நிமோனியா வந்த பிறகுதான் தெரியும்.

அவள் நாக்கை நீட்டச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள். கடைசியாக ஒரு குச்சியால் அவர் தொண்டையின் பின்சுவரைத் தொட்டாள். அங்கே தொட்டால் குமட்டிக்கொண்டு ஓங்கரிக்க வேண்டும்.

"அங்க என்னம்மா தேடறே? பொய்யைத் தவிர ஒண்ணும் இருக்காது" என்றாள் மனைவி.

ஏலக்காரர் ஓங்கரிக்கவில்லை. குச்சியைத் தொண்டையில் வைத்துக்கொண்டே அவளைச் சாவகாசமாகப் பார்த்தார். அவள் குச்சியைச் சட்டென்று எடுத்துவிட்டாள். தட்டில் தயாராக இருந்த தண்ணீரையும் ஸ்பூனையும் தொடாமலே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினாள்: "ஓங்கரிப்பு இல்லை. விழுங்குவது பாதுகாப்பில்லை. குழாய் தொடரட்டும். ஒரு வாரம் கழித்து மறுபரிசோதனை." மறுநாள் காலை வார்டைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வந்து கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

"ஒரு வாரமா!" என்றாள் மனைவி. "அது வரைக்கும் என்னைத்தான் திட்டுவாரு. புரியற மாதிரி திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்."

அன்று மாலை, செய்முறைத் தேர்வுக்குப் பழக அவளுக்கு ஒரு நல்ல தொண்டை தேவைப்பட்டது. முதலில் அம்மா. குச்சி உதட்டுக்கு வருமுன்பே ஓங்கரித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடிவிட்டாள். அடுத்து அப்பா, சுரங்கம் மாதிரி வாயைத் திறந்தார். அவள் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபக்கம் தொட்டாள். ஊஹூம்.

"என்ன டாக்டர், உள்ள எதையாவது தொலைச்சிட்டியா?"

"அப்பா, உங்களுக்கு ஓங்கரிப்பே இல்ல."

"இல்லாட்டி என்ன, கடையில வாங்கிக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் ஆறு ரொட்டியும் ஒரு பெரிய குவளை டீயும் உள்ளே தள்ளினார். ஒரு செருமல்கூட இல்லை. அவள் எழுதிய குறிப்பின்படி பார்த்தால் அவர் மூக்கில் இந்நேரம் குழாய் இருக்க வேண்டும்.

புத்தகத்தைத் திறந்தாள். நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களிலேயே பலருக்கு ஓங்கரிப்பு இருக்காது; அதை மட்டும் வைத்து விழுங்குவதைத் தீர்மானிக்கக் கூடாது. அந்த வரிக்கு அவளே மஞ்சள் மை பூசியிருந்தாள். எத்தனையாவது பக்கம் என்றுகூடத் தெரியும். கட்டில் பக்கத்தில் நின்றபோதுதான் அது தலைமறைவாகிவிட்டது.

பேசாமல் இருந்துவிடலாம். அதிகமாக ஜாக்கிரதையாக இருந்ததற்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஒரு வாரம் டீ இல்லாமல் மனிதன் செத்துவிட மாட்டான். இப்படியெல்லாம் தனக்குத்தானே நியாயம் பேசினாள். நியாயம் நன்றாகத்தான் இருந்தது, சோறுதான் இறங்கவில்லை.

காலையில் மேடத்தை வார்டு வாசலிலேயே பிடித்தாள். மேடம் அவளைவிட நாலு வயதுதான் பெரியவர், எப்போதும் ஓட்டத்தில் இருப்பவர்.

"மேடம், ஏலக்காரருக்கு நேத்து எழுதினது தப்பு. ஓங்கரிப்பை மட்டும் பாத்துட்டு எழுதிட்டேன். தண்ணி கொடுத்தே பாக்கல."

"ஏன்?"

பக்க எண்ணோடு மூன்று காரணங்கள் தயாராக வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "மறந்துட்டேன் மேடம். இல்ல... பயந்துட்டேன். எங்க அப்பாவுக்கும் ஓங்கரிப்பு இல்ல."

"அச்சச்சோ, அப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். லாரி ஓட்டறாரு."

மேடம் சிரித்தாரே தவிர ஓட்டத்தை நிறுத்தவில்லை. "வா. நீயே செய், நான் பக்கத்துல நிக்கறேன்."

ஏலக்காரரை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். வாயைச் சுத்தம் செய்தார்கள். அவள் விரல்களை அவர் தொண்டையில் வைத்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாள். விரலுக்குக் கீழே குரல்வளை ஏறி இறங்கியது. "ஆ சொல்லுங்க." குரல் சுத்தமாக இருந்தது, தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகவில்லை. இன்னும் இரண்டு ஸ்பூன், அதுவும் சரி. டம்ளரில் ஒரு மடக்குக் கொடுத்ததும் இருமினார். அடுத்த "ஆ" கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல நீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. அவள் டம்ளரைச் சட்டென்று கீழே வைத்தாள்.

"இதுக்குத்தான் கொடுத்துப் பாக்கணும்" என்றார் மேடம். "தண்ணியா இப்ப வேண்டாம். கெட்டி பண்ணிக் கொடு."

மனைவி ஃபிளாஸ்கோடு ஓடி டீ வாங்கி வந்தாள். கெட்டியாக்கும் பொடியைப் போட்டுக் கலக்கியதும் அது கூழானது. ஒரு ஸ்பூன். குரல்வளை ஏறியது, இறங்கியது. "ஆ." சுத்தம்.

ஏலக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டி, குழறிக் குழறிக் கேட்டார். "இது டீயா? சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்."

"நேத்து வரைக்கும் அதுவும் இல்லாம கெடந்தீங்க. பேசாம முழுங்குங்க" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது. "ஏம்மா, நீ கையை எடுத்துடாதே. நீ பிடிச்சிருந்தாத்தான் இவரு ஒழுங்கா முழுங்கறாரு."

"குழாய் ரெண்டு நாள் இருக்கட்டும், அப்புறம் பாக்கலாம். அந்தக் குறிப்பை அடிச்சுட்டுத் திருத்தி எழுதிடு" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எழுதலாம் என்று அவள் பேனாவைத் தேடினாள். ஒரு கையில் ஸ்பூன், மறு கை அவர் தொண்டையில். ஏலக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, கோணலாக, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தார்.