முள்ளெலிக்குச் சூடு பார்த்த கதை

முள்ளெலிக்கு உடம்புச் சூடு பாக்கிறதைப் போல விசர் வேலை உலகத்தில இல்லை. தொட்டவுடன பந்து மாதிரிச் சுருண்டிடும். தெர்மோமீட்டரைப் பின்துவாரத்துக்குள்ள விட்டுத்தான் பாக்கோணும். அதின்ரை முன்பக்கம் எது, பின்பக்கம் எது எண்டு கண்டுபிடிக்கவே பாதி நேரம் போயிடும். நான் வேலை செய்யிற காட்டு மிருக வைத்தியசாலையில ஒரு நாளைக்குப் பத்துத்தரம் இந்தக் கூத்து. "இன்னும் உள்ள விடு!" எண்டு கூட வேலை செய்யிறவைக்கு ஜேர்மன் மொழியில கத்துவன், ஒரு வெக்கமும் இல்லை.

போன ஒக்டோபரில ஒருநாள், வேலைக்குப் போக பஸ்ஸில இருக்கேக்க என்ரை மனுசன் வீட்டிலயிருந்து போன் எடுத்தார். எங்கட கட்டடத்து முற்றத்தில முள்ளெலிக் குட்டி ஒண்டு குளிர்ந்துபோய்க் கிடக்காம். எங்கட வைத்தியசாலையில பின்னேரம்தான் கூடு ஒண்டு வெறுமையாகும், அதுவரைக்கும் அவர்தான் வீட்டில வைச்சுப் பாக்கோணும்.

"துவாயில சுத்தின சுடுதண்ணிப் போத்தலுக்கு மேல வையுங்கோ. உடம்புச் சூடு முப்பத்தைஞ்சு வரமட்டும் ஒண்டும் தின்னக் குடுக்காதேங்கோ. குளிர்ந்த வயிறு செமிக்காது, செத்துப்போம்."

"ஓம். தெர்மோமீட்டரை எங்கை பிடிக்கிறது?"

முன் சீற்றில கோயிலில காணுற அக்கா ஒராள், என்ரை தமிழைக் கேட்டுத் திரும்பிச் சிரிச்சா. அவவுக்கு முன்னால என்ரை வாயில தமிழில அந்தச் சொல் வரவேயில்லை.

"ஐயோ, சும்மா பாருங்கோப்பா! இதுவும் சொல்லித்தரோணுமோ?" எண்டு கட் பண்ணினன்.

பின்னேரம் வீட்டை வந்தால், மனுசன் பெருமையா நிக்கிறார். கொரோனா நேரம் வாங்கின, நெத்தியில காட்டிச் சூடு பாக்கிற சாமானை முள்ளுக்கு மேல பிடிச்சுப் பாத்தவராம். முப்பத்தாறு காட்டினதாம். கீழ சுடுதண்ணிப் போத்தல் கிடந்தால் காட்டாமல் என்ன செய்யும்? உடனை முட்டை அவிச்சு மசிச்சு அதின்ரை வாயில தீத்திவிட்டிருக்கிறார். எங்கட வீட்டுக்கு வந்த ஆரும் சாப்பிடாமல் போனதில்லை எல்லோ!

"உங்களுக்கு மூளை இருக்கோ?" எண்டு கத்திக்கொண்டு குட்டியைத் தூக்கினன். அது சுருளேல்லை. தெர்மோமீட்டர் சுகமா உள்ள போச்சுது. இருபத்தாறு. வாயோரம் முட்டை ஒட்டியிருந்தது.

வைத்தியசாலைக்குக் கொண்டோடினம். வழியிலயே, என்ரை மடியில மூச்சு நிண்டிட்டுது. நான் இன்னும் ஏசிக்கொண்டுதான் இருந்தன்.

மனுசன் மெதுவாச் சொன்னார்:

"எங்கை பிடிக்கிறதெண்டு உம்மட்டைக் கேட்டனான்."

ஓம். கேட்டவர்தான்.