ஆறு வீட்டுக்கு ஒரு பந்து

ஈயம் உருகும்போது ஒரு புகை வரும், தெரியுமா? சாம்பிராணிக்குத் தூரத்துச் சொந்தம் போல ஒரு வாசனை. இந்த வாரம் அந்த வாசனை மாடியிலிருந்து இறங்கி வந்தாலே, கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு "ஷெரின்!" என்று கத்துகிறேன். "உயிரோடதான் இருக்கேன்மா" என்று மேலிருந்து பதில் வருகிறது. பதிலில் கிண்டல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். பதில் வந்தால் போதும்.

ஷெரின் என் மகள். பதினேழு வயது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருக்க, இவள் மட்டும் விளையாட்டுப் பெட்டியையே வீட்டில் செய்கிறாள். நகம் அளவு ஒரு சில்லு, நாலைந்து பொத்தான், அவற்றை ஈயம் உருக்கி ஒட்ட ஒரு பச்சைப் பலகை. அதுவரை எனக்குச் சம்மதம். ஆனால் அவள் செய்த விளையாட்டு மெல்லிய டிவியில் சரியாகத் தெரியவில்லையாம். பழைய குண்டுக் கண்ணாடி டிவியில்தான் அதற்கு உயிர் வருமாம். மூவாரில் பழைய மேசை நாற்காலி விற்கும் கடையொன்றில் அப்படி ஒரு டிவியைக் கண்டுபிடித்து, அவள் அப்பாவும் அவளும் அதைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, சீட் பெல்ட் போட்டு, எங்கள் ஊர் கூலாய்க்குக் கொண்டுவந்தார்கள். அந்த மரியாதை என் மாமியாருக்குக்கூட எங்கள் காரில் கிடைத்ததில்லை.

வந்த டிவியில் படம் ஓரமாகச் சுருங்கித் தெரிந்தது. போன ஞாயிறு மதியம், சரிசெய்கிறேன் என்று ஷெரின் பின்மூடியைக் கழற்றியிருக்கிறாள். பிளக்கைப் பிடுங்கிவிட்டாள், அது போதும் என்று நினைத்துவிட்டாள். அந்தக் குண்டு டிவிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கும் சாதி. ஸ்குருடிரைவர் நுனி உள்ளே இருந்த ஒரு ரப்பர் மூடிக்கு அடியில் போயிருக்கிறது. கீழே சமையலறையில் எனக்குக் கேட்டது ஒரு சொடுக்கு. அடுத்து, அவள் முதுகு மோதி இரும்பு அலமாரி சரிந்த சத்தம். அதற்கும் மேலே, நான் போட்ட சத்தம்.

மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு "நல்ல காலம்" என்றார் டாக்டர். முழங்கையில் காயம், அவ்வளவுதான். அன்று மாலையே மீ கோரேங் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொழிலாளர்களை உட்கார வைத்து, மின்சாரத்தோடு எப்படிப் பழகவேண்டும் என்று படம் போட்டுக் காட்டுகிறவள். இந்த வாரக் கூட்டத்தின் முடிவில் வழக்கம்போல "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்று கேட்டேன். எனக்குத்தான் இருந்தது.

அந்தக் கேள்வி இதுதான். டிவி பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் வந்து, படத்தைச் சரிசெய்து, பின்மூடியை இறுக்கிக் கொடுத்துவிட்டார். வரும் ஞாயிறு அதில் விளையாட்டைப் போட்டுப் பார்க்க ஷெரினை விடலாமா, கூடாதா? அவள் தினமும் கேட்கிறாள். நான் தினமும் "பாக்கலாம்" என்கிறேன். தாய்மார்கள் அகராதியில் அதற்கு "மாட்டேன்" என்று பொருள். வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லத்தான் வரவில்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணி. லாரியில் வரும் பழக்குலைகளின் எடையை எழுதுவது வேலை. ஊரார் ரேடியோவைத் திறப்பது பொழுதுபோக்கு. மூடுவதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. மூடிய பிறகும் இரண்டு ஸ்குரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் கூடப் போட்டுட்டான்" என்று அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அம்மா துணி துவைக்கும்போது அவருடைய ஞானம் வாளிக்குள் கலகலவென்று விழும்.

நாங்கள் அப்போதும் கூலாயில்தான் இருந்தோம். ஆறு வீடு ஒட்டிய ஒரு வரிசை. ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு அண்டெனாக் கம்பம், பக்கத்து வீட்டுக் கனகம் அத்தையின் கொல்லையில், தென்னையைவிட உயரமாக. ஜொகூரில் அன்று எல்லா அண்டெனாவும் தெற்கே, சிங்கப்பூரைப் பார்த்துத்தான் நிற்கும். நம் நாட்டு டிவி எப்படி வைத்தாலும் வந்துவிடும். சிங்கப்பூர் டிவிதான் கெஞ்ச வைக்கும். சனிக்கிழமை அதில் தமிழ்ப் படம். கம்பத்திலிருந்து தட்டையான பழுப்பு ஒயர் ஆறாகப் பிரிந்து ஆறு வீட்டு ஜன்னல் வழியாகவும் உள்ளே போகும். காற்று அடித்துக் கம்பம் திரும்பிவிட்டால், கடைசி வீட்டு லாரி டிரைவர் சுப்பையா மாமா ஏணி போட்டு ஏறுவார்.

"வந்துருச்சா?"

"வரல!"

"இப்ப?"

"ஐயோ போச்சு, போச்சு! முன்ன இருந்ததே தேவல!"

இது வீட்டுக்கு வீடு கைமாறிப் போகும். ஆறு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் படம் தெளிவாகத் தெரிந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவருக்குத் தெளிந்தால் ஒருவருக்குப் பனி கொட்டும். பனி கொட்டுகிறவர் வீட்டில் அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்காது.

இதனால் எங்கள் வீட்டில் அம்மா இரண்டு சட்டம் வைத்திருந்தார். டிவியின் சேனல் திருகைத் தொடக்கூடாது. அது உடைந்துபோயிருந்தது. குறடு வைத்துத் திருகினால்தான் திரும்பும். சிங்கப்பூரில் நிறுத்தி மேலே டேப் ஒட்டியிருந்தது. அண்டெனா ஒயரைக் கழற்றக்கூடாது; கழற்றினால் பழைய தெளிவு திரும்ப வராது என்பது அவர் நம்பிக்கை. புனித அந்தோணியார் மேல் இருந்த நம்பிக்கைக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

அப்பா அப்போது டிவி விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தார். சிங்கப்பூர்க் கடையில் வாங்கிய ஒரு சில்லுதான் அதன் மூளை. பிஸ்கட் டின் பெட்டி. இரண்டு சோப்பு டப்பாவில் பழைய ரேடியோத் திருகைப் பொருத்தினால் அதுதான் கைப்பிடி. திரையில் இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு வெள்ளைப் பந்து. பந்து சதுரமாக இருக்கும். அதைப் பார்த்து அன்று யாரும் பெருமூச்சு விடவில்லை. இப்போது விடுகிறார்கள். ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் பழைய விளையாட்டுப் பிரியர்கள் கூடுகிறார்கள் என்று ஷெரின் என்னைக் கூட்டிப்போனாள். என் வயது ஆண்கள், தொப்பையைப் பெல்ட்டுக்கு மேலே ஏற்றிவிட்டு, குண்டு டிவியின் முன்னால் குந்தி, "படத்துக்குக் குறுக்கே ஓடற இந்தக் கோடுகளைப் பாருங்க, என்ன அழகு" என்று டுரியான் முகர்வதுபோல் முகர்ந்துகொண்டிருந்தார்கள். அதே கோடுகளுக்காக இவர்களைப் பெற்றவர்கள் டிவியின் தலையில் ஓங்கி அறைந்த காலம் எனக்குத் தெரியும். அப்பாவின் பிஸ்கட் டின்னைப் பற்றிச் சொன்னதும் ஒருவர் கண் கலங்கி, "அது பாரம்பரியச் சொத்துங்க" என்றார். அம்மா அதில் கிறிஸ்துமஸ் முறுக்கு வைத்திருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

சரி, அந்த டின்னை முதன்முதலில் போட்ட சனிக்கிழமைக்கு வருகிறேன். அம்மா ஒரு கல்யாணத்துக்குக் காஹாங் போயிருந்தார். அப்பாவுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் அம்மா ஊரில் இல்லையென்றாலும் அம்மாவின் சட்டம் வீட்டில் இருந்தது. அதனால் அப்பா ஓர் அறிவாளித்தனம் செய்தார். டிவியின் திருகைத் தொடாமல், சிங்கப்பூர் சேனலுக்கு ஏற்றபடி பிஸ்கட் டின்னைத் திருத்தினார். அண்டெனா ஒயரைக் கழற்றாமல், அதன் மேலேயே டின்னின் ஒயரை முறுக்கினார். இரண்டு சட்டத்தையும் மீறாமல் மனைவியை வென்றுவிட்ட கணவனின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

டின்னைப் போட்டதும் திரையில் பந்து குதித்தது.

"வந்துருச்சு!" என்றார் அப்பா.

"போச்சு!" என்றது பக்கத்து வீடு.

சுப்பையா மாமா ஏணியோடு ஓடி வந்தார். அண்டெனாதான் திரும்பிவிட்டது என்று அப்பாவும் நம்பி, கம்பத்தைப் பிடிக்கப் போனார். செய்தவருக்கே அது தன் டின்னின் வேலை என்று தெரியவில்லை. நான் தனியாக உட்கார்ந்து சோப்பு டப்பாத் திருகைச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

"இப்ப என்னா தெரியுது?" என்று மேலேயிருந்து மாமா.

"அலமாக், ரெண்டு கோடு! இடது கோடு மேல போவுது!" என்று கனகம் அத்தை.

எனக்குச் சந்தேகம் வந்தது. திருகைக் கீழே இறக்கினேன்.

"இப்ப கீழ வருது!"

ஏற்றினேன். "மேல!" இறக்கினேன். "கீழ!" என் விரல் அசைந்தால் சுவருக்கு அந்தப்புறம் கனகம் அத்தை கத்துகிறார். இன்றுவரை எந்தப் பதவியும் எனக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை.

எங்கள் டின்னின் படம் பொது ஒயர் வழியாக ஆறு வீட்டுக்கும் போகிறது என்று அவர்கள் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கள் கூடத்தில் நின்றார்கள்.

"அந்தோணி அண்ணே, உங்களுக்கே நல்லாருக்கா? படத்துல அவ புருஷன் யாருன்னு சொல்ல வாயைத் தொறக்கறா, ஒங்க பந்து வந்து குதிக்குது!" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார் கனகம் அத்தை.

"அது வந்து கனகம், சிக்னல் என்னா பண்ணுதுன்னா..."

"சிக்னல நீங்களே வச்சிக்கிங்க. அவ புருஷன் யாருண்ணே?"

அது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அந்தக் காலத்தில் திருப்பிப் பார்க்கும் வசதி கிடையாது. கடைசி வரை கனகம் அத்தை அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கேட்டார்.

சுப்பையா மாமா மட்டும் குனிந்து சோப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க கொடு பாப்பா, இது என்னா பெரிய கம்ப சூத்திரம்." என்னிடம் தோற்றார். திருகு லூஸ் என்றார். மறுபடி தோற்றார். "லாரி ஓட்டற கைக்கு இது பத்தாது லா" என்றார். அதற்குப் பிறகு பஞ்சாயத்து பேசி ஒரு தீர்ப்பு வந்தது. படம் ஓடும்போது டின்னைத் தொட்டால் ஒயரை அறுத்துவிடுவார்கள். மாலையில் நமக்குப் புரியாத மொழியில் செய்தி ஓடும் நேரத்தில் தாராளமாக விடலாம்.

அன்றிலிருந்து செய்தி நேரம் எங்களுடையது. அப்பாவும் நானும் கூடத்தில் ஆடுவோம். ஆறு வீடும் அவரவர் டிவியில் பார்க்கும். சுவர் வழியாக யோசனை வரும். "மேல ஏத்துங்கண்ணே! தூங்கறீங்களா?" அப்பா ஊரறியத் தோற்பார். மறுநாள் காலை மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, "நேத்து புள்ளகிட்ட செம அடி போல?" என்று ஆள் மாற்றி ஆள் விசாரிப்பார்கள். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. படம் போகிற ஒயரில் பேச்சும் போகும் என்று நினைத்துக்கொண்டு, டின் போட்டிருக்கும்போது குசுகுசுவென்றுதான் அப்பாவைத் திட்டுவார். அப்பா விஞ்ஞானம் தெரிந்தவர். ஆனாலும் அதைத் திருத்தவில்லை.

இவர்களை நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. கனகம் அத்தை எங்கள் தேங்காய்த் துருவியைத் திருப்பித் தரவேயில்லை. சுப்பையா மாமா எங்கள் வீட்டில் புதிதாக என்ன வாங்கினோம் என்று பார்ப்பதற்கென்றே தண்ணீர் கேட்டு வருவார். பிறகு கூரைக்குக் கூரை செயற்கைக்கோள் வட்டில் வந்தது, தமிழுக்கென்று தனி அலைவரிசைகள் வந்தன, யாருக்கும் யாருடைய ஏணியும் தேவைப்படவில்லை. கம்பம் துருப்பிடித்து, ஒருநாள் அதில் துணி காய்ந்தது. அப்பாவும் போய்விட்டார். சட்டைப்பையில் அன்றைக்கும் ஸ்குரூ இருந்தது.

நான் இப்போது இருப்பதும் வரிசை வீடுதான். இரண்டு பக்கமும் சுவர் பொதுதான். போன ஞாயிறு அலமாரி சரிந்து, நான் தொண்டை கிழியக் கத்தி, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டைத் திறக்கிறேன். ஒரு திரைச்சீலை அசையவில்லை. வீட்டில் ஆள் இல்லாமல் இல்லை. எல்லாக் கார்களும் நின்றன. மருத்துவமனையில் காத்திருந்தபோது கைப்பேசியில், குடியிருப்போர் குழுவில் ஒரு செய்தி வந்தது. யார் வீட்டில் ரெனவேஷன் நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது என்று தெரியாதா, அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கும்பிடும் கை மூன்று. அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்களில் என் இடப்பக்கச் சுவரும் உண்டு, வலப்பக்கச் சுவரும் உண்டு.

நேற்று ஷெரினிடம் சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழம போடு. நான் பக்கத்துல ஒக்காந்திருப்பேன். பின்மூடியில கை வச்சா ஒதப்பேன்."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆறுதலுக்குச் சொன்னாள். "ரிலேக்ஸ் லா மா. தாத்தாவோட டின் மாதிரி இது லீக் ஆகாது. எல்லாம் கேபிள்தான். இங்க என்னா நடந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தெரியவே தெரியாது."

"அது எனக்குத் தெரியும்மா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டைப் பூட்டாமல், வாசல் கதவைத் திறந்து வைக்கப்போகிறேன். விளையாட்டின் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டச் சொல்லியிருக்கிறேன். யாராவது ஒருவர் திட்ட வரட்டும்.